உங்களுக்குத் தெரியுமா? ஸ்டார்ட் மெனு உங்கள் சொல்பேச்சு கேட்கும்

விண்டோஸில் ஒரு மெனுவின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால், அதன் கிளை மெனு உடனே விரியாது. 400 மில்லி விநாடி காத்திருக்கும். கணினி மெதுவாக இருப்பதால் அல்ல. போகிற போக்கில் சுட்டி உரசினாலே மெனு விரிந்து தொல்லை தரக்கூடாது என்று வேண்டுமென்றே வைத்த தாமதம் அது. ரெஜிஸ்ட்ரியில் ‘மெனு ஷோ டிலே’ என்ற பெயருக்கு எதிரே அந்த 400 எழுதியிருக்கிறது. அதை 100 ஆக்கி, கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழைந்து பாருங்கள். பழைய கணினியும் சுறுசுறுப்பாகிவிட்டதுபோல் இருக்கும்.

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் குறித்துவைக்கும் பதிவேடு. விண்டோஸ் விசையோடு ‘ஆர்’ விசையையும் அழுத்தி, வரும் கட்டத்தில் ‘ரெஜ்எடிட்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் திறக்கும். அதில் ‘கரண்ட் யூசர்’ பகுதி உங்களுக்கு மட்டும் உரியது. ‘லோக்கல் மெஷின்’ அந்தக் கணினியைத் தொடும் எல்லோருக்கும் பொது. புதிதாகப் பழகுகிறவர் முதல் பகுதியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. மலேசியாவின் பாலோவில் ஒரு வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே மடிக்கணினிதான் என்றாலும், ஆளுக்கொரு கணக்கு இருந்தால் ஆளுக்கொரு மெனு வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டார்ட் மெனுவில் தெரியும் நிரல் பட்டியலில் ஒரு பகுதி வெறும் கோப்புறைதான்! ‘ரெஜ்எடிட்’ தட்டிய அதே கட்டத்தில் ‘ஷெல்’, முக்காற்புள்ளி, ‘புரோகிராம்ஸ்’ என்று இடைவெளியில்லாமல் ஆங்கிலத்தில் தட்டினால் அந்தக் கோப்புறையே திறந்துவிடும். உள்ளே இருப்பவை குறுக்குவழிகள். அவற்றின் பெயரை ‘கடிதம்’, ‘வரவு செலவு’, ‘பிள்ளைகள் பாடம்’ என்று தமிழில் மாற்றலாம். நிரலுக்கு ஒன்றும் ஆகாது, மெனுவில் தெரியும் பெயர் மட்டுமே மாறும். ஆங்கில மெனுவைக் கண்டு தயங்கும் பாட்டிக்கு இதைவிட நல்ல உதவி எனக்குத் தெரியவில்லை.

இந்த மெனு பிறந்த நாள் 1995 ஆகஸ்டு 24. விண்டோஸ் 95 வெளியான நாள் அது. 2012-இல் வந்த விண்டோஸ் 8, ஸ்டார்ட் பொத்தானையே எடுத்துவிட்டது. ‘கிளாசிக் ஷெல்’ என்ற இலவச நிரலைப் போட்டுப் பழைய மெனுவைத் திரும்ப வரவழைத்தவர்கள் ஏராளம். 2015-இல் விண்டோஸ் 10 மெனுவோடுதான் வந்தது.

விண்டோஸ் 95, 98 காலத்தில் மெனுவில் தமிழைக் கொண்டுவருவது பெரும்பாடு. அன்றைய தமிழ் எழுத்துருக்களில் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் எழுத்துகளை உட்காரவைத்திருந்தன. அப்படி ஒன்றை மெனு எழுத்துருவாக வைத்தால், ஆங்கில மெனு முழுவதும் பொருளற்ற தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். ‘திஸ்கி’ என்ற குறியீட்டு முறை இதற்கு வழிசெய்தது. ஆங்கிலத்தைக் கீழ்ப் பாதியில் அப்படியே விட்டுவிட்டு, மேல் பாதியில் தமிழை வைத்தது. அதை உருவாக்க உழைத்தவர்களில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரமும், நம் மலேசியாவின் முத்து நெடுமாறனும் உண்டு. கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன், ‘முரசு அஞ்சல்’ தமிழ் மென்பொருள் பணியைத் தொடங்கியது 1985-இல். ஸ்டார்ட் மெனுவே பிறக்காத காலம். பிறகு யூனிகோடும், விண்டோஸ் 2000-உடன் ‘லதா’ எழுத்துருவும் வந்தன. இன்று குறுக்குவழிக்குத் தமிழ்ப் பெயர் வைப்பது இத்தனை எளிதாக இருக்கிறதென்றால், முன்னால் இத்தனை பேர் பாதை வெட்டியிருக்கிறார்கள்.

மெனுவையே தமிழாக்கவும் வழி உண்டு. அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, காட்சி மொழியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வும் ரெஜிஸ்ட்ரியில்தான் பதிவாகிறது. 400 மில்லி விநாடி எழுதியிருக்கும் அதே ‘கண்ட்ரோல் பேனல்’, ‘டெஸ்க்டாப்’ கிளையிலேயே அதுவும் இருக்கிறது! ஒன்றைக் கவனியுங்கள்: ‘சிங்கிள் லாங்குவேஜ்’ வகை விண்டோஸ் போட்ட கணினியில் காட்சி மொழியை மாற்ற முடியாது. வாங்கும்போதே கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

யூனிகோடு அமைப்பின் வட்டார விவரத் தொகுப்பில் தமிழுக்கு நான்கு நாடுகள் உண்டு: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா. வட்டார அமைப்பில் ‘தமிழ் (மலேசியா)’ என்று தேர்ந்தால் பணத்துக்கு ரிங்கிட் குறி வரும். பத்து லட்சம் 10,00,000 என்று வராமல், நாம் எழுதுகிறபடி 1,000,000 என்று வரும். பாலோவிலும் குளுவாங்கிலும் கணக்கு எழுதும் கைக்கு ஏற்ற தமிழ் இது. இதைப் பயன்படுத்தாமல் விட்டுவிடக்கூடாது.

தமிழில் தட்டச்சு செய்ய உதவும் தமிழ்99 விசைப்பலகையும், 2019 மே மாதப் பதிப்பிலிருந்து விண்டோஸ் 10-உடனேயே வருகிறது.

ஸ்டார்ட் மெனுவில் எதையாவது தேடினால், தட்டும் சொற்கள் இணையத்துக்கும் போகின்றன. ‘கரண்ட் யூசர்’ பகுதியில் ‘சாஃப்ட்வேர்’, ‘பாலிசீஸ்’, ‘மைக்ரோசாஃப்ட்’, ‘விண்டோஸ்’, ‘எக்ஸ்புளோரர்’ என்று இறங்கி, ‘டிசேபிள் செர்ச் பாக்ஸ் சஜஷன்ஸ்’ என்ற ‘டிவேர்டு’ (எண் வகை) மதிப்பை ஆங்கிலத்தில் இடைவெளியின்றி எழுதி 1 ஆக்கினால், தேடல் உங்கள் கணினிக்குள்ளேயே நின்றுவிடும். ‘எக்ஸ்புளோரர்’ கிளை இல்லாவிட்டால் நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம்.

லினக்ஸில் ரெஜிஸ்ட்ரி கிடையாது. மெனுவில் வரும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு சிறிய உரைக் கோப்பு இருக்கும். ‘நேம்’ என்ற வரிக்குக் கீழே தமிழ் மொழிக்கான குறியீட்டோடு இன்னொரு ‘நேம்’ வரி சேர்த்துத் தமிழ்ப் பெயரை எழுதிவிட்டால் போதும், தமிழ் இடைமுகத்தில் அந்தப் பெயரே தெரியும்.

விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் எதையும் மாற்றுவதற்கு முன், அந்தக் கிளையைத் தேர்ந்து, கோப்பு மெனுவில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து ஒரு நகல் எடுத்துவிடுங்கள். நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய சாதாரண உரைக் கோப்பாகத்தான் அது சேமிக்கப்படும். யூனிகோடில் இருப்பதால் தமிழ் எழுத்துகளும் சிதையாது. நீங்கள் திருத்திய மதிப்பு சரிவரவில்லை என்றால், அந்தக் கோப்பை இருமுறை கிளிக் செய்து ‘யெஸ்’ கொடுங்கள். பழைய மதிப்பு திரும்பிவிடும்.