காலராக் கிருமிக்குத் தனிச் சமையல்

நம் குடலுக்குள் எந்நேரமும் பாக்டீரியாக்கள் வாழ்ந்துகொண்டே இருக்கின்றன. ஒரு கிராம் மலத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் கோடி! முகத்தைச் சுளிக்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை நமக்கு ஒரு கெடுதலும் செய்வதில்லை; சில உதவியும் செய்கின்றன. இந்தப் பெருங்கூட்டத்துக்குள் காலராவையோ டைபாய்டையோ உண்டாக்கும் கிருமி நுழைந்துவிட்டால் என்ன செய்வது? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். டைபாய்டை உண்டாக்கும் சால்மோனெல்லாவையும், நம் குடலில் வழக்கமாக வாழும் ஈ. கோலையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் குட்டையான கோல்கள். கிராம் சாயம் ஏற்றினால் இரண்டுமே இளஞ்சிவப்பு. உருவத்தை வைத்து எது எது என்று சொல்ல முடியாது.

அதனால் ஆய்வகத்தில் வேறு வழி பிடிக்கிறார்கள். வேண்டிய கிருமி நன்றாகப் பெருகும், மற்றவை பெருகத் திணறும் உணவாகப் பார்த்துச் சமைத்து வைக்கிறார்கள். இதற்குப் பெயர் தேர்வு ஊடகம். இதைச் சமைக்க வேண்டுமானால் ஒவ்வொரு கிருமிக்கும் எது பிடிக்கும், எது ஆகாது என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இந்த வித்தையில் மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான்.

உணவைத் தாங்கும் அடித்தளம் அகார். நோன்புக் காலத்தில் கடல்பாசி இனிப்பு சாப்பிட்டிருக்கிறீர்களா? அதே பொருள்தான். சிவப்புக் கடற்பாசிகளிலிருந்து எடுக்கிறார்கள். ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கிப் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகார் கிடைக்கிறது. அகார் வருவதற்கு முன்னால் ஜெர்மனியில் பாக்டீரியாக்களை ஆராய்ந்த ராபர்ட் காக் போன்றவர்கள் ஜெலட்டினைத்தான் பயன்படுத்தினார்கள். அது நம் உடல் வெப்பமான 37 டிகிரியில் உருகி ஓடிவிடும். போதாததற்குச் சில பாக்டீரியாக்கள் அதையே தின்று கரைத்துவிடும். அகாரைப் பயன்படுத்திப் பார்க்கலாமே என்று சொன்னவர் ஃபேனி ஹெஸ்ஸே. காக்கின் ஆய்வகத்தில் வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி. வீட்டில் பழக்கூழ் செய்ய அகாரைப் பயன்படுத்தி வந்தவர் அவர். 1882இல் காக் அகாரைப் பற்றி எழுதியபோது ஃபேனியின் பெயரைச் சொல்லவில்லை. உலகத்து ஆய்வகங்களெல்லாம் இன்றுவரை பின்பற்றும் யோசனை அவருடையது. அவர் பெயரை நாமாவது தெரிந்து வைத்துக்கொள்வோம்.

இனி, சமையலில் சேர்க்கும் சரக்குகளுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் மெக்கான்கி என்பவர் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறதா என்று அறிய வழி தேடினார். குடலில் வாழும் பாக்டீரியாக்களை மட்டும் வளர்க்க வேண்டும். அவர் சேர்த்த பொருள் பித்த உப்பு. நம் கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் கொழுப்பைச் சிதைக்கும். பாக்டீரியாவின் மேலுறையிலும் கொழுப்பு உண்டு. ஆகவே பித்தம் பட்டால் பல பாக்டீரியாக்கள் பிழைக்காது. குடல்வாசிகளோ நாள்தோறும் பித்தத்திலேயே ஊறிப் பழகியவை! அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. இன்றைய மெக்கான்கி அகாரில் கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயமும் இருக்கும். வெளிச்சவ்வு இல்லாத பாக்டீரியாக்களை அது தடுத்துவிடும்.

இதிலேயே லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் நியூட்ரல் ரெட் என்ற சாயமும் உண்டு. ஈ. கோலை லாக்டோஸைத் தின்று அமிலத்தை வெளிவிடும். பள்ளியில் லிட்மஸ் தாள் அமிலத்தில் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல இந்தச் சாயமும் மாறும். ஈ. கோலை வளர்ந்த இடம் இளஞ்சிவப்பாகிவிடும். சால்மோனெல்லாவுக்கு லாக்டோஸைத் தின்னத் தெரியாது. அது நிறமில்லாமல் நிற்கும். நுண்ணோக்கியில் பிரித்தறிய முடியாத இரண்டும் இப்போது வெறுங்கண்ணுக்கே வேறுவேறாகத் தெரிகின்றன.

காலராக் கிருமியான விப்ரியோ காலரேவுக்கு இன்னும் நுட்பமான சமையல் தேவை. நோய் கடுமையாக இருக்கும்போது அது ஏராளமாக வெளியேறும். நோய் தணிந்தவரிடமோ கிணற்று நீரிலோ வெகு சிலவே இருக்கலாம். அதன் குணம் என்ன? அமிலம் ஆகாது, காரத்தன்மையில் செழிக்கும். ஆகவே முதலில் பி.எச். 8.5 அளவில் இருக்கும் கார பெப்டோன் நீரில் மாதிரியைக் கலந்து ஆறு முதல் எட்டு மணி நேரம் வைக்கிறார்கள். விப்ரியோ மற்றவற்றை முந்திக்கொண்டு பெருகும். ஆக்சிஜனை நாடி மேல்மட்டத்துக்கும் வந்துவிடும். ஆய்வகத்தார் குழாயைக் குலுக்காமல் மேற்பரப்பிலிருந்து மட்டும் ஒரு துளி எடுப்பது அதனால்தான்.

அந்தத் துளியை டி.சி.பி.எஸ். என்ற பச்சை நிற அகாரில் இடுவார்கள். இது 1963இல் ஜப்பானியர் உருவாக்கியது. பித்தம், காரத்தன்மை, சாதாரணச் சர்க்கரை, நிறங்காட்டும் சாயம் எல்லாம் இதில் உண்டு. கம்பி வளையத்தை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, ஆறவைத்து, துளியைத் தொட்டு, தட்டின் ஓர் ஓரத்தில் கோடிழுப்பார்கள். மறுபடி காய்ச்சி, அந்தக் கோட்டின் முனையிலிருந்து அடுத்த பக்கம் இழுப்பார்கள். இழுக்க இழுக்கக் கிருமிகள் குறைந்து, கடைசியில் தனித்தனியாக விழும். பிறகு தட்டைக் கவிழ்த்து 37 டிகிரியில் வைப்பார்கள். கவிழ்க்காவிட்டால் மூடியில் படியும் நீர் சொட்டி எல்லாவற்றையும் கலக்கிவிடும்.

மறுநாள் காலையில் பச்சைத் தட்டில் பளிச்சென்று மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் விப்ரியோ காலரே என்று சந்தேகிக்கலாம். சர்க்கரையைத் தின்று அமிலம் விட்டதால் வந்த மஞ்சள் அது. ஒவ்வொரு புள்ளியும் ஒரே கிருமியின் வழிவந்த பெருங்குடும்பம். அதன் நெருங்கிய உறவான விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ், கடலுணவால் வயிற்றைக் கெடுப்பது, இதே தட்டில் பச்சையாகவே இருக்கும்.

சந்தேகிக்கலாம் என்றுதான் சொன்னேன், கவனித்தீர்களா? மஞ்சளாக வளரும் வேறு விப்ரியோக்களும் உண்டு. புள்ளியைத் தொட்டெடுத்து ஆக்சிடேஸ் சோதனையும், எதிர்ப்புச் சீரத்துடன் கலந்தால் திரள்கிறதா என்ற சோதனையும் செய்த பிறகே முடிவு எழுதுவார்கள். தேர்வு ஊடகம் சில நேரம் வேண்டிய கிருமியையே தடுத்துவிடும் என்பதால், கண்டிப்பில்லாத இன்னொரு தட்டிலும் வளர்த்துப் பார்ப்பது வழக்கம்.

இதையெல்லாம் பாதுகாப்பான ஆய்வகத்தில், பயிற்சி பெற்றவர்கள்தான் செய்ய வேண்டும். வீட்டில் யாரும் முயலாதீர்கள். வேலை முடிந்த தட்டுகளை ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வைத்துக் கிருமிகளைக் கொன்ற பிறகே அங்கும் அப்புறப்படுத்துகிறார்கள்.

இவ்வளவும் முடிய இரண்டு நாள் ஆகுமே, அதுவரை நோயாளி என்ன ஆவார்? மருத்துவர் காத்திருக்க மாட்டார். உப்புச் சர்க்கரைக் கரைசலையோ சலைனையோ உடனே கொடுத்து உயிரைக் காப்பாற்றிவிடுவார். தட்டு சொல்லும் பதில் ஊருக்குத் தேவை. நோய் காலராதான் என்று உறுதியானதும் சுகாதாரத் துறையினர் அந்தத் தெருவின் குழாய்நீரையும் கிணற்று நீரையும் எடுத்து, அதே பெப்டோன் நீரிலும் பச்சைத் தட்டிலும் சோதிக்கத் தொடங்குவார்கள்.