ஆட்ப்ளூ டப்பா: மாட்டுகிறவர் போய்விடுவார், மாட்டிக்கொள்வது நீங்கள்

"வண்டி இழுக்கவே இல்லை சார். நாக்ஸ் சென்சார் போச்சாம், பெரிய செலவு. ஒரு டப்பா மாட்டினா லைட் அணைஞ்சிடும்கறாங்க, மாட்டலாமா?" இப்படிக் கேட்கும் லாரி உரிமையாளர்களில் பலர் மாட்டிவிட்டுத்தான் கேட்கவே வருகிறார்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பி.எஸ்.6 கனரக டீசல் வண்டிகளில், புகை வெளியேறும் பாதையில் ஆட்ப்ளூ (32.5% யூரியா கரைசல்) பீய்ச்சி நைட்ரஜன் ஆக்சைடைக் (நாக்ஸ்) குறைக்கிறார்கள். குறைந்ததா என்று நாக்ஸ் சென்சார் அளந்து எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.எம்.முக்குச் சொல்லும். அளவு எகிறினாலோ ஆட்ப்ளூ தீர்ந்தாலோ ஈ.சி.எம். பவரைக் குறைக்கும். எமுலேட்டர் என்கிற அந்த டப்பா, ஃப்யூஸ் பாக்ஸுக்குப் பின்னால் கறுப்பு டேப் சுற்றி ஒளிந்துகொண்டு, 'எல்லாம் சரி' என்று பொய்க் கணக்குக் கொடுக்கும். பீய்ச்சுவது நின்றதும் மிச்ச யூரியா வெள்ளை உப்பாக இறுகி இன்ஜெக்டரை அடைக்கும். அப்புறம் சென்சார் செலவோடு அந்தச் செலவும் சேரும்.

"புகைச் சான்று வாங்கிட்டேனே" என்பார்கள். டீசல் வண்டிக்கு அங்கே பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டும். நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. இவ்வளவு கெடுபிடியாக விதி போட்ட அரசுக்கு அதை அளக்க ஒரு கருவி வைக்க மனமில்லை! ஆனால் அந்தச் சான்று உங்களைக் காப்பாற்றாது. மோட்டார் வாகனச் சட்டம் 182-ஏ(4): அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு ரூ. 5,000 அபராதம், அல்லது இரண்டும். 190(2): மாசு விதியை மீறும் வண்டியை ஓட்டினாலும், ஓட்டவிட்டாலும், முதல் தடவையே மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ. 10,000 வரை அபராதம் அல்லது இரண்டும்; லைசென்ஸும் மூன்று மாதம் போகும்.

பழைய லாரி வாங்குகிறீர்களா? ஆட்ப்ளூ நிரப்பி ஓட்டிப் பாருங்கள். மட்டம் இறங்கவே இல்லையென்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே மாட்டியவர்கள் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கழற்றி, பழையபடி ஆக்கியதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

வாரண்டிக்குள் சென்சார் போய், மாற்றித் தர மறுத்தால் வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். ஜாப் கார்டு நகல், ஃபால்ட் கோட் பிரின்ட், சர்வீஸ் பில் மூன்றையும் வாங்குங்கள். ஆட்ப்ளூ பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். 'மட்டமான யூரியா ஊற்றினீர்கள்' என்பதுதான் அவர்கள் முதலில் சொல்லும் சாக்கு. டீலர், கம்பெனி இருவருக்கும் பதிவுத் தபால் அனுப்புங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார். அதிலும் நடக்காவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டிக்குக் கொடுத்த விலை ரூ. 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்டம், தாண்டினால் மாநில ஆணையம். கேட்கும் நஷ்டஈடு இதில் கணக்கில்லை. மனுவில் 'சுயதொழிலாக, பிழைப்புக்காகவே வாங்கிய வண்டி' என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் வணிகத்துக்கு வாங்கியது, நீ நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

மறுபடியும் சொல்கிறேன், ஒருநாள்கூட டப்பா மாட்டாதீர்கள். ஒயரை வெட்டி ஒட்டிய தடம் ஒன்று கண்ணில் பட்டால் போதும், கம்பெனிக்காரர் அதைப் படமெடுத்து ஆணையத்தில் நீட்டிவிடுவார்.