413 ரன், 21 மெய்டன்: சென்னை ஃபுட்பால் ஸ்டேடியத்துக்குள் புதைந்திருக்கும் டெஸ்ட் வரலாறு

சென்ட்ரலில் இறங்கி, ரிப்பன் பில்டிங்கைத் தாண்டி பெரியமேடு பக்கம் போனால் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் வரும். ஐ.எஸ்.எல். பார்ப்பவர்களுக்கு அது சென்னையின் எஃப்.சி.யின் வீடு. அந்த இடத்தில் 9 டெஸ்ட் மேட்ச் நடந்திருக்கு என்று சொல்லிப் பாருங்கள், ‘சேப்பாக்கத்தைச் சொல்றீங்களா?’ என்றுதான் கேட்பார்கள். சேப்பாக்கம் இல்லைங்க, பெரியமேடேதான்.

பழைய மைதானம் என்றாலே இங்கிலாந்து ஞாபகம் வரும். ஆர்சனல் 2006-ல் காலி செய்த ஹைபரி இன்று அபார்ட்மென்ட். ஆடுகளம் இருந்த இடம் குடியிருப்பவர்களின் தோட்டம். 1892-ல் திறந்த குடிசன் பார்க்கில் எவர்ட்டன் ஆண்கள் அணி 2025 மே 18-ல் கடைசி மேட்ச் ஆடியபோது, ஊரே திரண்டு வழியனுப்பியது. இப்போது அதே கிளப்பின் பெண்கள் அணி அங்கே ஆடுகிறது. நம்ம ஊரில் ஒரு மைதானம் போவதும் தெரியாது, வருவதும் தெரியாது.

சேப்பாக்கம் இருக்க, பெரியமேடு ஏன்?

1859-ல் மெட்ராஸ் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவிலியன் காலத்தில் உருவான யோசனை, மக்கள் பூங்கா. நூறு ஏக்கருக்கும் மேல் பரந்திருந்த அந்தப் பூங்காவை ரிப்பன் பில்டிங், மூர் மார்க்கெட் என்று ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்றன. இன்னொரு துண்டில் வந்ததுதான் கார்ப்பரேஷன் ஸ்டேடியம்.

சேப்பாக்கத்தில் 1934-லேயே டெஸ்ட் ஆடியாச்சு. இந்தியா முதன்முதலில் டெஸ்ட் ஜெயித்ததும் அங்கேதான், 1952 பிப்ரவரியில், இங்கிலாந்துக்கு எதிராக. ஆனால் மைதானம் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் கையில் இருந்தது. டெஸ்ட் நடத்தும் மெட்ராஸ் கிரிக்கெட் சங்கத்துக்குச் சொந்தமாக இடம் இல்லை. கிட்டத்தட்ட வாடகை வீட்டுக்காரர் நிலைமை. 1956 தொடங்கி 1965 வரை மெட்ராஸ் டெஸ்ட் எல்லாமே கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துக்குப் போயின.

அங்கே நடந்த முதல் டெஸ்ட்டே அமர்க்களம். 1956 ஜனவரி, எதிரணி நியூஸிலாந்து. வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் ஓப்பனிங் இறங்கினார்கள். முதல் நாள் முழுக்க விக்கெட்டே விழவில்லை. மறுநாள் ஜோடி பிரிந்தபோது ஸ்கோர் 413. மன்கட் 231, ராய் 173. இந்தியா இன்னிங்ஸ் வெற்றி.

முதல் விக்கெட்டுக்கான அந்த உலக சாதனை 52 வருஷம் நின்றது. 2008-ல் வங்கதேசத்துக்கு எதிராக தென்னாப்பிரிக்காவின் கிரீம் ஸ்மித்தும் நீல் மெக்கன்ஸியும் 415 எடுத்தபோதுதான் உடைந்தது, அதுவும் வெறும் 2 ரன் வித்தியாசத்தில்! மன்கட்டின் 231, ஒரு இந்தியரின் அதிகபட்ச டெஸ்ட் ஸ்கோராக 1983 டிசம்பர் வரை இருந்தது. கவாஸ்கர் 236 நாட் அவுட் அடித்து அதைத் தாண்டினார். எங்கே? சேப்பாக்கத்தில். ஒரே ஊர், வேற கிரவுண்டு.

1962 ஜனவரியில் இங்கிலாந்து வந்தது. முந்தைய ஜூலையில்தான் ஒரு கார் விபத்தில் வலது கண் பார்வையை இழந்திருந்தார் பட்டோடி. அந்த நிலையில் அவர் அடித்த முதல் டெஸ்ட் சதம், 103, இந்த மைதானத்தில்தான். சலீம் துரானி இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 10 விக்கெட் எடுக்க, இந்தியா 128 ரன்னில் ஜெயித்தது. இங்கிலாந்துக்கு எதிராக நாம் கைப்பற்றிய முதல் டெஸ்ட் தொடர் அது.

அப்புறம் 1964 ஜனவரி 12. இதை நம்புவதுதான் கஷ்டம். பாபு நட்கர்ணி தொடர்ச்சியாக 21 மெய்டன் ஓவர் வீசினார். 131 பந்துக்கு ஒரு ரன்கூட வரவில்லை. அந்த இன்னிங்ஸில் அவர் கணக்கு: 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன், விக்கெட் பூஜ்யம். 2023 ஐ.பி.எல். பிளேஆஃபில் ஒரு டாட் பாலுக்கு 500 மரக்கன்று நடுவதாக பி.சி.சி.ஐ. அறிவித்ததே, அந்தக் கணக்கில் இவர் ஒருத்தரே 65,500 கன்று நட வைத்திருப்பார்.

அங்கே நடந்த கடைசி டெஸ்ட் 1965-ல், மறுபடியும் நியூஸிலாந்துடன். 19 வயது சென்னைப் பையன் எஸ். வெங்கடராகவனுக்கு அதுதான் அறிமுக டெஸ்ட். சேப்பாக்கம் கிரிக்கெட் சங்கத்தின் கைக்கு வந்ததும், 1967 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸ் அங்கே ஆடியது. டெஸ்ட் பெரியமேட்டுக்குத் திரும்பவே இல்லை.

பந்து பெரிசாச்சு

இப்போது நாம் பார்க்கும் ஸ்டேடியம் 1993-ல் புதிதாகக் கட்டியது. நேரு கோப்பை கால்பந்துப் போட்டியுடன் திறந்தார்கள். கோப்பையைத் தூக்கியது வட கொரியா. 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி. 2013-ல் ஆசிய தடகளப் போட்டி நடந்திருக்க வேண்டியது. இலங்கை வீரர்கள் வரும் போட்டியை நடத்த முடியாது என்று ஜெயலலிதா அரசு மறுத்ததால் அது புனேவுக்குப் போனது. 2014-ல் ஐ.எஸ்.எல். வந்த பிறகு சென்னையின் எஃப்.சி. இரண்டு முறை சாம்பியன் ஆனது. இரண்டு இறுதிப் போட்டியும் வெளியூரில் என்பது ரசிகர்களுக்குத் தனி வருத்தம்.

மைதானம் யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் சொல்வதுதான் ஆட்டம். திண்டுக்கல்லில் இருந்து நத்தம் போகும் ரோட்டில், வலது கைப்பக்கம் சிறுமலை கூடவே வரும். அந்த வழியில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் 2016 முதல் டி.என்.பி.எல். நடக்கிறது, ரஞ்சி மேட்ச்சும் நடந்திருக்கிறது. இங்கே மாநகராட்சியும் இல்லை, கிளப்பும் இல்லை; ஒரு தனியார் கல்லூரி. 2025 ஜூலை 6-ல் டி.என்.பி.எல். ஃபைனலே இங்கே நடந்தது. சொந்த மண்ணில் திண்டுக்கல் டிராகன்ஸை 118 ரன்னில் சாய்த்து, திருப்பூர் தமிழன்ஸ் கோப்பையோடு ஊருக்குப் போனது.