நண்பருக்காக 'போஸ்' கொடுத்தீங்களா? அந்தப் படம் யாருக்குச் சொந்தம்?

"சும்மா ரெண்டு படம்தான்... என் போர்ட்ஃபோலியோவுக்கு!"

புகைப்படக் கலை படிக்கும் நண்பர் கேட்கிறார். நீங்களும் சரின்னு நிற்கிறீர்கள். சில மாதங்கள் கழித்து அதே படம் ஓர் அழகு நிலையத்தின் விளம்பரத்தில்!

"என் முகம், நான்தானே முடிவு செய்யணும்?" என்று தோன்றும். சிங்கப்பூர்ச் சட்டம் என்ன சொல்கிறது?

படம் யாருக்குச் சொந்தம்?

பொதுவாக, எடுத்தவருக்கு.

பதிப்புரிமைச் சட்டம் 2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன்படி, நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்திற்கும் முதல் உரிமையாளர் அதை எடுத்தவரே. முன்பு அந்த உரிமை காசு கொடுத்தவரிடம் இருந்தது.

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால், அதுவே செல்லும். உருவ ஓவியங்களுக்கும் இதே விதிதான்.

அப்போ என் முகத்துக்கு?

முகத்துக்கென்று தனி உரிமைச் சட்டம் இங்கு இல்லை. ஆனாலும் உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு.

- அடையாளம் தெரியும் படம், தனிநபர் தகவல். அதை வர்த்தகத்துக்குப் பயன்படுத்துவோர் பொதுவாக நோக்கத்தைச் சொல்லி உங்கள் சம்மதத்தைப் பெறவேண்டும். போர்ட்ஃபோலியோவுக்குச் சொன்ன 'சரி', விளம்பரத்துக்கும் சேர்த்துச் சொன்னது ஆகாது. அழகு நிலையத்திடம் நீங்கள் கேள்வி கேட்கலாம்.

- கொடுத்த சம்மதத்தை, நியாயமான அவகாசம் தந்து மீட்டுக்கொள்ளலாம். ஆனால் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மீறினால் அதன் விளைவுகள் உங்களைச் சேரும்.

- ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றிப் பரப்புவதும், பரப்புவேன் என்று மிரட்டுவதும் குற்றம். 5 ஆண்டு வரை சிறை, அபராதம், பிரம்படி விதிக்கப்படலாம். படம் எடுக்க ஒத்துக்கொண்டது, பரப்ப ஒத்துக்கொண்டது ஆகாது.

என்னென்ன எழுதிக்கொள்ளலாம்?

நீண்ட பத்திரம் தேவையில்லை. ஒரு பக்கம் போதும்:

- படம் எதற்கு? பள்ளிப் பணி, கண்காட்சி, விளம்பரம்?
- எங்கே வரும்? எவ்வளவு காலம்?
- வேறொருவருக்கு விற்கலாமா?
- படத்தை மாற்றலாமா? செயற்கை நுண்ணறிவுக் கருவியில் போடலாமா?
- சம்பளம் உண்டா? உங்களுக்குப் பிரதி கிடைக்குமா?

வாட்ஸ்அப் செய்தியும் ஆதாரமாக உதவும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரையும் கையெழுத்திடச் சொல்வது நல்லது.

நீங்கள்தான் கலைஞரா?

இணையத்தில் பார்த்த ஒருவரின் படத்தை அப்படியே வரைகிறீர்களா? படத்தில் இருப்பவர் "தாராளமா வரைங்க" என்றாலும் போதாது. பதிப்புரிமை அதை எடுத்தவரிடம் இருக்கலாம். அவரையும் கேளுங்கள்.

நண்பர்தானே, இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்று கூச்சமா? படம் எடுக்கும் முன் கேட்டால் அது 2 நிமிடப் பேச்சு. விளம்பரம் வந்தபிறகு கேட்டால், அது சண்டை.