பெருந்தொற்றின் முதல் வாரங்கள்: தேதி பார்த்து நம்புங்கள்

2020 மார்ச் 7-ஆம் தேதி தமிழகத்தில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. 24-ஆம் தேதி நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு. பத்தாம் வகுப்புத் தேர்வு நடக்குமா, கடை திறக்குமா, இது வெறும் சளியா அல்லது ‘அது’வா? எந்தக் கேள்விக்கும் உறுதியான பதில் கிடைக்கவில்லை. நாளை வேறொரு புதிய தொற்று வந்தாலும் முதல் சில வாரங்கள் இப்படித்தான் இருக்கும்.

அறிவுரை ஏன் மாறுகிறது?

நோயாளிகளும் அவர்களைக் கவனிப்பவர்களும் முகக்கவசம் அணிந்தால் போதும் என்றுதான் முதலில் சொன்னார்கள். ஏப்ரல் தொடக்கத்தில், வெளியே செல்லும் எல்லோரும் வீட்டில் தைத்த துணிக் கவசமாவது அணியலாம் என்றது மத்திய சுகாதார அமைச்சகம். அறிகுறி தெரியும் முன்பே ஒருவர் நோயைப் பரப்ப முடியும் என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது.

பால் பாக்கெட்டைக் குழாயடியில் சோப்பு போட்டுத் தேய்த்து, கத்திரிக்காயை மஞ்சள் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, செய்தித்தாளையே நிறுத்திய வீடுகள் எத்தனை! பொருள்களைத் தொடுவதைவிட, காற்றோட்டமில்லாத அறையில் பலர் கூடுவதே பெரிய ஆபத்து என்பது பிறகுதான் புரிந்தது.

மருந்திலும் இதே கதைதான். பெரிதாகப் பேசப்பட்ட ஹைட்ராக்சி குளோரோகுயின் ஆய்வுகளில் பலன் தரவில்லை. ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்கு நோய் முற்றியவர்களுக்கு, விலை குறைந்த பழைய மருந்தான டெக்சாமெத்தசோன் உதவியது. புதிய சான்று வந்தால் அறிவுரையும் மாறத்தான் வேண்டும்.

வாட்ஸ்அப் செய்தி வந்தால்

கோழிக்கறியால் கொரோனா வரும் என்ற வதந்தியால் கறிக்கடைகள் வெறிச்சோடின; நாமக்கல்லில் முட்டை விலை சரிந்தது. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைப் பார்ப்பதுபோல, வரும் செய்தியிலும் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

மாறாதவை

• சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவுங்கள்.
• இருமும்போது வாயை மூடுங்கள். காய்ச்சல் இருந்தால் வேலைக்கோ விசேஷத்துக்கோ போகாதீர்கள்.
• சன்னல்களைத் திறந்து வையுங்கள்.
• சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். ஒரு மாதத்துக்கான இருப்பு கையில் இருக்கட்டும்.
• குழந்தைகளின் தடுப்பூசித் தவணைகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

மனப் பதற்றம்

நாள் முழுக்க எண்ணிக்கைச் செய்திகளையே பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் கெடும், நெஞ்சு படபடக்கும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை செய்தி பார்த்தால் போதும். பதற்றம் அடங்கவில்லையென்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம். ஆனால் மூச்சுத் திணறல், தொடர்ந்த நெஞ்சு வலி, திடீர்க் குழப்பம், உதடு நீலம் பாய்தல் ஆகியவற்றைப் பதற்றம் என்று ஒதுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஒதுக்காதீர்கள்

வாசலில் தனிமைப்படுத்தல் ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டுக்காரர்களிடம் தெருவே பேச்சை நிறுத்திய நாட்கள் உண்டு. அந்த அவமானத்துக்குப் பயந்தே பலர் காய்ச்சலை மறைத்தார்கள். மறைத்த காய்ச்சல்தான் மேலும் பரவியது. தள்ளி நின்றாவது நலம் விசாரியுங்கள், மளிகையும் மருந்தும் வாங்கிக் கொடுங்கள். உங்களுக்கே காய்ச்சல் வந்தால் தயங்காமல் சொல்லுங்கள், பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.