நான்கு முனைத் தொப்பி

அரசனின் அடையாளம் என்றால் நமக்குப் பொன்முடிதான் நினைவுக்கு வரும். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டிலும் பொன்னுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே துணிக்குத்தான் முதல் மரியாதை. தலையில் இருக்கும் நூல்வேலையைப் பார்த்தே, வந்தவர் எந்த ஊர், எந்தத் தகுதி என்று சொல்லிவிடுவார்கள்.

இன்றைய பெருவில், இன்காப் பேரரசுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பு, ஏறத்தாழ கி.பி. 600 முதல் 1000 வரை செழித்தது வாரி அரசு. அதன் பெரிய மனிதர்கள் அணிந்தது சதுர வடிவத் தொப்பி. மேல்மூலைகள் நான்கிலும் கொம்புபோல ஒவ்வொரு முனை எழும்பி நிற்கும். வாரிக் குயவர்கள் வனைந்த மண்கலங்களிலும் இந்தத் தொப்பியோடு ஆண்கள் காட்சி தருகிறார்கள்.

இதைத் தறியில் நெய்ய முடியாது. அல்பாக்கா போன்ற விலங்குகளின் மயிரை நூலாக முறுக்கி, வலை பின்னுவதுபோல முடிச்சு முடிச்சாகப் போட்டு வளர்க்க வேண்டும். கடினமான வேலை அதற்கு மேல்தான் இருக்கிறது. முடிச்சை இறுக்கும்போதே, சாயம் ஏற்றிய சிறு மயிர்க்கற்றை ஒன்றை அதற்குள் செருகிவிடுவார்கள். கற்றையின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இப்படி வரிசை வரிசையாக நுனிகள் நெருங்கி நிற்க, தொப்பி முழுவதும் வெல்வெட் போலாகிவிடும். உருவம் எதுவும் பிறகு வரைந்ததல்ல. சிறகு முளைத்த லாமா விலங்கு, பறவை, படிப்படியான கோணங்கள் எல்லாம் எந்த முடிச்சில் எந்த நிறம் என்ற கணக்கில் பிறந்தவை. அந்தக் கணக்கைத் தலையில் வைத்துக்கொண்டு வேலை செய்தவர்களை நான் சிற்பிகளுக்கு இணையாகவே வைப்பேன்.

நீலம் அவுரியிலிருந்து வந்தது. சிவப்பு, சப்பாத்திக் கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் பூச்சியை உலர்த்தி எடுத்தது. மழையே காணாத கடற்கரைப் பாலைவனக் கல்லறைகளில் கிடந்ததால், ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் அந்த நிறங்கள் பளிச்சென்று இருக்கின்றன.

தலையணியைப் பார்த்தே ஊரைச் சொல்லும் வழக்கத்தைப் பின்னால் வந்த இன்காக்கள் சட்டமாகவே ஆக்கினார்கள். ஒவ்வொரு மாகாணத்தாரும் தத்தம் தலையணியையே அணிய வேண்டும். மாற்றி அணிந்தால் தண்டனை என்று ஸ்பானிய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பேரரசரின் முடிகூட நெற்றியில் தொங்கும் சிவப்பு நூல் குஞ்சம்தான். மாஸ்கபைச்சா என்பது அதன் பெயர். அதில் பொன்னும் உண்டு, நூலைக் கோத்துப் பிடிக்கும் சிறு குழல்களாக.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் வாரித் தொப்பிகள் இருக்கின்றன. படங்கள் இணையத்தில் கிடைக்கும். பெரிதாக்கி, முடிச்சுகளைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள்.