ஒட்டியும் ஒட்டாமலும்

அமெரிக்காவில் விசைப்படகு வைத்திருக்கும் சிலருக்கு ஓர் ஆசை உண்டு. படகின் பக்கவாட்டில் பளபளக்கும் குரோமிய முலாம் பூசிய சின்னத்தைக் கறுப்பாக்க வேண்டும். ஆனால், நாளை படகை விற்கும்போது பழைய பளபளப்பு அப்படியே திரும்பவும் கிடைக்க வேண்டும்! சாதாரண பெயிண்ட் இதற்கு உதவாது. அதைச் சுரண்டினால் முலாமும் கீறிப்போகும்.

இதற்கென்றே டப்பாவிலிருந்து பீச்சியடிக்கும் ரப்பர் பூச்சு விற்கப்படுகிறது. 'பிளாஸ்டி டிப்' என்பது இவ்வகையில் பெயர் பெற்றது. வேண்டும்போது தோல்போல் உரித்துவிடலாம். கருத்து புதிதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் கடற்படை ஒதுக்கி நிறுத்திய கப்பல்களின் பீரங்கிகளை, இவ்வாறே பீச்சியடித்த பிளாஸ்டிக் உறையால் மூடிக் காத்தது.

பூச்சு ஒட்டிக்கொள்ளவும் வேண்டும், உரிந்து வரவும் வேண்டும். இவ்விரண்டும் ஒருசேர எப்படி முடிகிறது?

டப்பாவில் இருப்பது விரைவில் ஆவியாகும் கரைப்பானில் கரைந்த, ரப்பர் போன்ற பாலிமர். கரைப்பான் ஆவியானதும், நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் நெருங்கி ஒன்றோடொன்று பின்னி, ஒரே படலம் ஆகின்றன. இச்சங்கிலிகளுக்குள் இருப்பது ஓரினக் கவர்ச்சி. படலத்திற்கும் குரோமியத்திற்கும் இடையே இருப்பது வேற்றினக் கவர்ச்சி. வழவழப்பான முலாமில் படலம் பற்றிக்கொள்ளக் கீறலோ துளையோ இல்லை, வேதிப்பிணைப்பும் ஏற்படுவதில்லை. எனவே அங்கே பிடிப்பு குறைவு.

படலத்தின் ஓரத்தைத் தூக்கி இழுக்கும்போது இவ்விரு கவர்ச்சிகளுக்கும் பலப்பரீட்சை நடக்கிறது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். 1 செ.மீ. அகலமுள்ள பட்டையை உரிக்க 2 நியூட்டன் விசை தேவை என்று கொள்வோம். ஒரு பூச்சு தரும் படலம் 0.5 நியூட்டன் விசையில் அறுந்துவிடும் எனவும் கொள்வோம். மூன்று பூச்சு அடித்தால் படலம் தாங்குவது 1.5 நியூட்டன். உரிவதற்கு முன்பே அது கிழிந்துவிடும். ஐந்து பூச்சானால் 2.5 நியூட்டன் தாங்கும்; அழகாக உரிந்து வரும். படலம் தடித்தால் அதன் வலிமை கூடுகிறது. ஆனால் முலாமைத் தொடுவது அடிப்பரப்பு மட்டுமே. ஆகவே ஒட்டும் பிடிப்பு அவ்வளவாகக் கூடுவதில்லை. இரகசியம் இதுதான்!

சின்னத்தைச் சுற்றி ஒட்டிய மறைப்பு நாடாவைக் கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே எடுப்பதற்கும் இதுவே காரணம். காய்ந்துவிட்டால் நாடாவின் மேலுள்ள படலமும் சின்னத்தின் மேலுள்ள படலமும் ஒரே விரிப்பாகிவிடும். நாடாவை இழுத்தால் சின்னத்தின் பூச்சும் கூடவே வந்துவிடும்.

பூச்சுக்கு ஒரு பகை உண்டு: பெட்ரோல். சங்கிலிகள் பின்னிக் கிடக்கின்றனவே தவிர, வேதிப்பிணைப்பால் முடிச்சிடப்படவில்லை. ஆகவே பெட்ரோல் சிந்தினால், அது கரைப்பான்போல் உள்ளே புகுந்து படலத்தை இளக்கிவிடும். எரிபொருள் நிரப்பும் வாய்க்கு அருகிலுள்ள சின்னமானால் கவனம் தேவை. கரைப்பானின் ஆவி தீப்பற்றக் கூடியது, சுவாசத்திற்கும் தீங்கானது. எனவே நெருப்பில்லாத திறந்த வெளியில்தான் பீச்ச வேண்டும்.

வீட்டில் நீங்கள் இதைச் சோதிக்க மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையே போதும். ஒரு பிளாஸ்டிக் அளவுகோலின் ஒரு பாதியில் ஒரே ஒரு மெல்லிய பூச்சும், மறு பாதியில் ஒவ்வொன்றாகக் காயவிட்டு ஐந்து பூச்சும் தடவுங்கள். நன்கு காய்ந்ததும் இரண்டையும் உரித்துப் பாருங்கள். எது கிழிகிறது, எது முழுதாக வருகிறது?

மெல்லிய பூச்சு துண்டு துண்டாகக் கிழிந்தால் நகத்தால் சுரண்ட வேண்டாம். அதன்மேல் இன்னும் நான்கு முறை பசை தடவிக் காயவிடுங்கள். பிறகு உரித்துப் பாருங்கள். படகுக்காரர்கள் கையாளும் வழியும் இதுவே: பூச்சை எடுக்க வேண்டுமா? மேலும் பூசு!